சல்லடைக்குள் ஆறும் காபி

"சல்லடையில் நாம் காசு கொடுப்பதே ஓட்டைக்குத்தான் அம்மா. அதைப் போய் வெட்டி எறிகிறாயே" என்றார் அப்பா.

அவர் சொன்னது சரிதான். தாராவி 90 அடி சாலையில் ஒரு பாத்திரக் கடையில் 180 ரூபாய்க்கு வாங்கிய மாவுச் சல்லடை அது. எனக்கு வேண்டியிருந்தது அதன் தகர வளையம் மட்டுமே. உள்விட்டம் 30 சென்டிமீட்டர், சுவர் உயரம் 8 சென்டிமீட்டர். அளவுநாடாவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சல்லடையாக அளந்ததில் கடைக்காரருக்கு என்மேல் சந்தேகமே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவியில் பதினைந்து பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும், தெருவில் இந்தி, வீட்டில் நெல்லைத் தமிழ் என்று வளர்கிறவர்கள். அக்டோபர் 28 உலக அனிமேஷன் நாள். அன்று ஏதாவது செய்யலாம் என்று நான் சொன்னதும், "செல்போனில் கார்ட்டூன் போடுவீர்களா டீச்சர்?" என்றான் ஒருவன். அதை அவன் தினமும் பார்க்கிறான். கையால் சுற்றினால் படம் அசைகிற பெட்டி ஒன்றைச் செய்து காட்டுகிறேன் என்று வாய்விட்டேன். வாய்விட்ட பிறகுதான் அதை எப்படிச் செய்வது என்று யோசித்தேன்.

அந்தத் தேதிக்கு உரியவர் எமில் ரேனோ என்ற பிரெஞ்சுக்காரர். 1892 அக்டோபர் 28 அன்று பாரிஸில், கிரெவின் மெழுகுச்சிலைக் காட்சியகத்தில், தாமே வரைந்து வண்ணம் தீட்டிய படங்களைத் திரையில் ஓடவிட்டுக் காசு கொடுத்து வந்தவர்களுக்குக் காட்டினார். அவற்றில் ஒன்று மட்டும் 500 படங்கள் கொண்ட நீண்ட நாடா. லூமியர் சகோதரர்கள் அதே நகரத்தில் கட்டணம் வாங்கிச் சினிமா காட்டியது 1895 டிசம்பர் 28. மும்பையில் வாட்சன் ஹோட்டலுக்குச் சினிமா வந்தது 1896 ஜூலை 7. கேமராவால் எடுத்த படம் திரையில் ஓடுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, கையால் வரைந்த படம் ஓடிவிட்டது. இதைச் சொன்னால் பெரியவர்கள்கூட நம்புவதில்லை.

ரேனோவின் அரங்க எந்திரத்தை நான் செய்ய முடியாது. ஆனால் அதற்கு முன்னால், 1877இல், அவர் செய்த பொம்மை ஒன்று உண்டு. பெயர் பிராக்ஸினோஸ்கோப். அதற்கும் முந்தையது 1834இல் ஹார்னர் என்ற ஆங்கிலேயர் விவரித்த சுழல் உருளை. பின்னாளில் ஸோயட்ரோப் என்ற பெயரில் கடைகளில் விற்றது. அதில் உருளையின் சுவரில் கீறிய பிளவுகள் வழியாக எதிர்ப்பக்கத்துப் படங்களைப் பார்க்க வேண்டும். செய்வது சுலபம். ஆனால் பிளவு வழியாக வருகிற வெளிச்சம் கொஞ்சம்தான், படமும் ஒல்லியாகிவிடும். ரேனோ பிளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு நடுவில் கண்ணாடிகளை நிறுத்தினார். பன்னிரண்டு படங்கள், பன்னிரண்டு கண்ணாடிகள். படம் பளிச்சென்று தெரியும், நான்கைந்து பேர் சேர்ந்து பார்க்கலாம். பதினைந்து பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்கு இதுதான் தோது.

இதன் உயிர்நாடி ஒரே ஒரு விகிதம். மையத்திலிருந்து கண்ணாடி இருக்கும் தூரம், மையத்திலிருந்து படம் இருக்கும் தூரத்தில் சரிபாதியாக இருக்க வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் படம் எவ்வளவு தூரமோ, கண்ணாடிக்குப் பின்னால் பிம்பமும் அவ்வளவு தூரம். பாதி என்ற கணக்கு சரியாக அமைந்தால் எல்லாப் பிம்பங்களும் உருளையின் அச்சில் போய் விழும். அச்சு நகர்வதில்லை. ஆகவே உருளை சுற்றினாலும் பிம்பம் நின்ற இடத்திலேயே நிற்கும், படம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். என் சல்லடையின் ஆரம் 15. எனவே கண்ணாடி 7.5 சென்டிமீட்டரில். அந்தத் தூரத்தில் பன்னிரண்டு முகம் அமைய ஒரு முகத்தின் அகலம் 4 சென்டிமீட்டர் வரும்.

கண்ணாடிக் கடை பையா சென்டிமீட்டரைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். இந்த ஊரில் கண்ணாடிக்காரர்களும் தச்சர்களும் 'சூத்' கணக்கில்தான் பேசுவார்கள். எட்டு சூத் ஓர் அங்குலம். பன்னிரண்டரை சூத் அகலம் என்று மொழிபெயர்த்துச் சொல்லிப் பதினான்கு துண்டுகள் வெட்டிவாங்கினேன், உயரம் 7 சென்டிமீட்டர். உடைந்தால் போட இரண்டு கூடுதல். அங்கிருந்து நேராக ஒட்டுப்பலகை வெட்டித்தரும் அண்ணாச்சியிடம் போனால் அவர் நாங்குநேரிப் பக்கத்துக்காரர். "பன்னிரண்டரை நூலா தங்கச்சி?" என்றார். அவர் சொன்ன நூலும் பையா சொன்ன சூத்தும் ஒரே அளவு. சூத் என்றாலும் இந்தியில் நூல்தான். இத்தனை நாள் மும்பையில் இருந்தும் இது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அண்ணாச்சி 10 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் ஒரு வட்டத்தையும், கண்ணாடிகளை ஒட்டப் பன்னிரண்டு முகக் கட்டையையும் அறுத்துத் தந்தார். சல்லடை வளையம் உண்மையில் வட்டமே இல்லை. ஒரு பக்கம் 30.3, குறுக்கே 29.6. வட்டப் பலகையை அடியில் இறுக்கித் தட்டியதும் அது தானாக வட்டத்துக்கு வந்தது. பலகை போக உள்சுவர் 7 சென்டிமீட்டர் மிஞ்சியது. நடுவில் 608 எண் பேரிங், சக்கரக் காலணியில் வருவது, துளை 8 மில்லிமீட்டர். புதுப் பேரிங்கின் உள்ளே கெட்டிக் கிரீஸ் இருக்கும். சுற்றிவிட்டால் இரண்டு சுற்றில் நின்றுவிடும். மண்ணெண்ணெயில் அலசி, தையல் எந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். அதன்பின் இருபது சுற்றுக்கும் குறையாமல் ஓடியது.

கண்ணாடிகளை முதலில் சிலிக்கான் பசையால் ஒட்டினேன். வினிகர் நெடி அடிக்கும் ரகம். இரண்டு வாரத்தில் நான்கு கண்ணாடிகளின் ஓரத்தில் கரும்புள்ளிகள். அந்த நெடிக்குக் காரணமான அமிலம் கண்ணாடியின் பின்பூச்சை அரித்துவிடுகிறது. சுரண்டி எடுத்து இருபக்கமும் ஒட்டும் டேப்புக்கு மாறினேன். எடுக்கும்போது இரண்டு உடைந்தன, கூடுதல் கைகொடுத்தது. மற்ற இரண்டும் புள்ளியோடு அப்படியே இருக்கின்றன.

இனிமேல்தான் உண்மையான வேலை தொடங்கியது.

படங்களை வரிசையாக வரைந்து சல்லடையின் உள்சுவரை ஒட்டிச் சுற்றிவைக்க ஒரு காகித நாடா. முதல் சோதனைக்கு அதில் வெறும் கறுப்புக் கோடுகள். படம் ஒன்றுக்கு ஒரு நெட்டுக்கோடு, நடுவில். சுற்றினேன். கோட்டின் அடிப்பாதி தெரிந்தது, மேல்பாதியைக் காணோம். குனிந்து பார்த்தால் முன்சுவர் மறைத்தது, நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடி முடிந்துவிட்டது. ஒரு மாலை முழுவதும் கழுத்தை நீட்டி மடக்கிப் பார்த்தேன். பிறகு காகிதத்தில் பக்கவாட்டுப் படம் போட்டதும் விளங்கியது. நாம் முன்சுவரின் மேல்விளிம்புக்கு மேலாகச் சாய்வாகத்தான் உள்ளே பார்க்கிறோம். அந்தச் சாய்வில், நாடாவின் அடி தெரிவதே கண்ணாடியின் பாதி உயரத்தில்தான். நாடாவின் உச்சி தெரிய, கண்ணாடி சுவருக்கு மேலே இன்னும் பாதி உயரம் நீண்டிருக்க வேண்டும். ஆக, கண்ணாடியின் கீழ்ப்பாதி எனக்கு உதவாமல் கிடந்தது, மேலே பாதி போதவில்லை. புதுக் கண்ணாடி வாங்கத் தேவையில்லை. கட்டைக்கு அடியில் மூன்றரை சென்டிமீட்டர் மரத்துண்டு ஒன்றை வைத்து மொத்தத்தையும் தூக்கினேன். முழுக்கோடும் தெரிந்தது.

தெரிந்தது, ஆனால் நடுங்கியது. நிற்க வேண்டிய கோடு ஒவ்வொரு படத்துக்கும் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் சறுக்கி, வெடுக்கென்று திரும்பியது. சுவரொட்டி ஒட்டுகிறவன் கை நடுங்குவதுபோல். பேரிங் ஆடுகிறதா என்று பார்த்தேன். கட்டை நடுவில் இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டும் ஒழுங்கு. பழி கண்ணாடியின் தடிமன்மேல் விழுந்தது. நான் 7.5 என்று அளந்தது கண்ணாடியின் முன்முகத்தை. பிரதிபலிப்பதோ பின்முகத்துப் பூச்சு. கண்ணாடி 4 மில்லிமீட்டர் தடிமன்.

இதைச் சரிபார்க்க ஒரு சின்ன வித்தை உண்டு. பென்சில் முனையைக் கண்ணாடியில் தொட்டுவைத்தால், முனைக்கும் அதன் பிம்பத்தின் முனைக்கும் இடையே ஒரு வெற்றிடம் தெரியும். எனக்கு அது ஐந்து மில்லிமீட்டரும் சொச்சமும் இருந்தது. ஒளி கண்ணாடிக்குள் வளைவதால், தடிமனின் இரட்டிப்பான எட்டு தெரியாமல் ஐந்தரைக்குள் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஓர் அழகான விஷயம் கிடைத்தது: அந்த வெற்றிடம் எவ்வளவோ, அவ்வளவு தூரம் படத்தை உள்ளே தள்ளினால் போதும், பிம்பம் திரும்பவும் அச்சுக்கு வந்துவிடும். கண்ணாடிகளைத் தொடவே வேண்டாம்.

ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் வளையக்கூடிய பொருள் வேண்டும். தாராவியில் இதற்கு அலைய வேண்டுமா? தோல் பட்டறைகளில் செருப்பின் உள்ளங்காலுக்குப் போடும் ஈ.வி.ஏ. ஷீட் கிடைக்கிறது. வகுப்பில் படிக்கும் பையன் ஒருவனின் சித்தப்பா கழிவுத் துண்டு ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். சல்லடையின் உள்சுவர் முழுக்க ஒட்டினேன். இப்போது ஆரம் 14.5. நாடாவின் நீளம் 91 சென்டிமீட்டர், படத்துக்கு 7.6. சுற்றியதும் கோடு ஆணி அடித்ததுபோல் நின்றது. அந்த இரவு நான் வெறும் கோட்டையே கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எழுந்து வந்து பார்த்துவிட்டு, "ஒன்றும் நகரவில்லையே" என்றார். அதுதான் வேண்டும் என்று அவருக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிறகு படம் வரைந்தேன். ஆசை யாரை விட்டது, மயில்தான். தோகையை விரித்து மூடுகிற மயில், ஏழரை சென்டிமீட்டர் அகலம் முழுக்க அடைத்து. மூன்று இரவுகள் ஆயின. சுற்றினால் தலை ஒரு கண்ணாடியில், தோகையின் ஓரம் அடுத்த கண்ணாடியில். அடுத்த கண்ணாடியில் ஓடுவது அடுத்த படம் அல்லவா? ஒரு பக்கம் மூடிய தோகை, மறு பக்கம் பாதி விரிந்த தோகை. பார்க்கவே பாவமாக இருந்தது. கண்ணாடியின் அகலம் நான்கு சென்டிமீட்டர்தான், அதற்குள் அடங்குகிற படம்தான் முழுசாக நிற்கும். ஒல்லியான, நெட்டாக அசைகிற ஒன்று வேண்டும்.

அது எதிரிலேயே நடந்துகொண்டிருந்தது. அப்பா சமையலறை மேடையருகே நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தார். மேலே டம்ளர், கீழே டவரா, நடுவே ஒரு பழுப்புக் கயிறு. எனக்குத் தெரிந்து இதைவிட ஒல்லியான அசைவு இல்லை. தொடங்கிய இடத்திலேயே முடியும் என்பதால் நாடாவுக்கும் பொருத்தம்.

டம்ளர் 4 சென்டிமீட்டர் ஏறி இறங்க வேண்டும். ஆறு படத்தில் ஏற்றம், ஆறு படத்தில் இறக்கம். படத்துக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் என்று சமமாகப் பங்கிட்டு வரைந்தேன். ஓடியது. அசைந்தது. ஆனால் அது அப்பா இல்லை, தையல் எந்திரத்தின் ஊசி. மேலே போய் முட்டி, கீழே வந்து முட்டியது. மறுநாள் காலையில் அவர் கையை உற்றுக் கவனித்தேன். உச்சியை நெருங்கும்போது கை தயங்குகிறது. அடியிலும் அப்படியே. நடுவில்தான் விறுவிறுவென்று போகிறது. அனிமேஷன் கற்கிறவர்களுக்கு இது அரிச்சுவடிப் பாடம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் படங்களை நெருக்கமாகவும், நடுவில் தள்ளித்தள்ளியும் வைக்க வேண்டும்.

எவ்வளவு நெருக்கம்? இதற்கு நான் கண்டுபிடித்த குறுக்குவழியைச் சொல்லிவிடுகிறேன். நான்கு சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு கடிகார முகப்பை வரைந்து, பன்னிரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் பக்கவாட்டில் ஒரு கிடைக்கோடு இழுத்தால், அது எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்தப் படத்தில் டம்ளரின் உயரம் அதுவே. ஆறாம் எண் அடி, 0 மில்லிமீட்டர். ஏழு 3, எட்டு 10, ஒன்பது 20, பத்து 30, பதினொன்று 37, பன்னிரண்டு 40. அங்கிருந்து ஒன்று, இரண்டு என்று அதே வழியே இறக்கம். சுவர்க்கடிகாரத்தில் எண்கள் உச்சியிலும் அடியிலும் உயரத்தால் நெருங்கியிருப்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. காபிக் கயிறு கொஞ்சம் பின்தங்க வேண்டும். டம்ளர் ஏறிய பிறகுதான் கயிறு நீளும். எனவே கயிற்றின் நெளிவை மட்டும் ஒரு படம் தாமதமாக வரைந்தேன்.

நொடிக்கு ஒரு சுற்று என்றால் நொடிக்கு 12 படங்கள். சினிமா நொடிக்கு 24 என்று ஓடினாலும், அனிமேஷனில் ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு தடவை படம்பிடிப்பது பழைய வழக்கம். ஆக அங்கேயும் 12 ஓவியங்கள்தான். சுழற்சி மெதுவாகி ஆறு, ஏழு என்று வந்தால் கை துள்ளத் தொடங்குகிறது. மேலே ஒரு மேசைவிளக்கைத் தாழ்த்தி வைத்துவிட்டால் நாடாமேல் வெளிச்சம் விழும். ரேனோவின் பொம்மையில் அந்த இடத்தில் மெழுகுவத்தி.

அக்டோபர் 28 மாலை. வெக்கை தாங்காமல் வகுப்பறையின் மின்விசிறியைப் போட்டால் நாடா படபடத்தது. நிறுத்தினால் பிள்ளைகள் வியர்த்தார்கள். பிள்ளைகளும் ஒரு நாடா கொண்டுவந்திருந்தார்கள். 1912இல், இந்தியச் சினிமாவின் முன்னோடி பால்கே, தொட்டியில் வளரும் பட்டாணிச் செடியை நாள்தோறும் ஒரே இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படம்பிடித்துக் காட்டிப் பணம் போடுகிறவரைச் சம்மதிக்கவைத்தார் என்று சொல்லியிருந்தேன். 1915இல் தீக்குச்சிகளை அசையவிட்டும் ஒரு படம் எடுத்தார். எங்கள் பிள்ளைகள் தயிர் டப்பாவில் பச்சைப்பயறு போட்டு, பன்னிரண்டு நாள், ஆளுக்கொரு நாள் வரைந்தார்கள். எல்லோருடைய பயறும் ஒரே உயரம் இல்லை. ஐந்தாம் நாள் வரைந்தவன் இலையைப் பெரிதாகப் போட்டுவிட்டான். ஆறாம் நாள் அது சுருங்கியது. ஆனால் பெரிய சிரிப்பு வந்தது கடைசியில்தான். பன்னிரண்டாம் நாள் செடி தலைநிமிர்ந்து நின்ற அடுத்த கணம் சட்டென்று விதைக்குள் போய்விடும், மறுபடி முளைக்கும். பத்துத் தடவை பார்த்தும் ஒவ்வொரு முறையும் சிரித்தார்கள்.

நான் செய்த கோமாளித்தனமும் ஒன்று உண்டு. 'அ' எழுத்து கோடு கோடாகத் தன்னையே எழுதிக்கொள்வதுபோல் ஒரு நாடா செய்திருந்தேன். கண்ணாடியில் அது வலமிடம் மாறித் தெரிந்தது. "டீச்சர், தப்பாக எழுதியிருக்கிறீர்கள்" என்றாள் ஆறாம் வகுப்புப் பெண், ஓராண்டாகக் காத்திருந்த குரலில். திருப்பி எழுதிக்கொடு என்று அவளிடமே விட்டுவிட்டேன். ஜன்னல் கண்ணாடியில் தாளைத் திருப்பிவைத்துப் பின்பக்கமாக ஐந்து நிமிடத்தில் நகலெடுத்துவிட்டாள்.

இடையே கதைகளும் சொன்னேன். 1890களில் இங்கே பக்கத்தில், கல்யாணில், பட்வர்தன் குடும்பத்தார் கண்ணாடித் தகடுகளில் கையால் வரைந்த படங்களை விளக்கொளியில் திரையில் காட்டி, 'சாம்பரிக் கரோலிகா' என்ற பெயரில் ஊர் ஊராகக் காட்சி நடத்தியது. 1956இல் டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் மும்பைக்கு வந்து, அரசின் திரைப்படப் பிரிவில் இளைஞர்களுக்கு அனிமேஷன் பயிற்சி கொடுத்தது. அங்கே பழகிய ராம் மோகன் பின்னால் இந்திய அனிமேஷனுக்கே பெரியவர் ஆனது. அந்தத் திரைப்படப் பிரிவுக்காக 1974இல் பீம்சேன் எடுத்த, பறவைகள் வலையோடு பறந்துபோகும் கதை வருகிற குறும்படத்தை நான் சின்ன வயதில் தூர்தர்ஷனில் எத்தனை தடவை பார்த்திருப்பேன். ரேனோவின் முடிவைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினேன். கையால் வரைந்த நாடாக்கள் சினிமாவோடு போட்டிபோட முடியவில்லை. 1900இல் அவருடைய காட்சிகள் நின்றன. சில ஆண்டுகள் கழித்துப் பெரும்பாலான நாடாக்களை அவரே சேன் நதியில் வீசிவிட்டார். "ஏன் டீச்சர், யாரிடமாவது கொடுத்திருக்கலாமே?" என்று ஒருவன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. மயில் நாடாவை நான் சுருட்டிப் பரணில் வைத்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

அப்பாவும் வந்திருந்தார். எல்லோரும் பார்த்து முடித்த பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காபி நாடாவை அவரே சுற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். கை தன்னுடையது என்று தெரிந்துகொண்டாரா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"எத்தனை சுற்று ஆற்றினாலும் நுரையே வரவில்லையே" என்றார். "உயரத்திலிருந்து விழும்போதுதான் நுரை வரும். தெரியாதா உனக்கு?"

வீட்டுக்கு வந்ததும் பென்சிலை எடுத்தேன். பன்னிரண்டாம் படத்தில் டவராவின் விளிம்பில் இரண்டு குமிழ். ஒன்றிலும் இரண்டிலும் நுரை பொங்கி நிற்கிறது. மூன்றிலிருந்து அடங்கத் தொடங்கி, ஆறில் ஒன்றும் இல்லை.